வரி கட்டப் போன மைக்செட் அழகுமுத்து

வட்டவளைக்கு மேலே வெள்ளையோடைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக் காம்பராவில் குடியிருந்துகொண்டு அரசாங்கத்துக்கு வருமான வரி கட்டிய முதல் ஆள் அழகுமுத்து. இன்றைக்குக் கேட்டால் இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. அன்றைக்கு லயத்துக் கூரையில் ஆகாயக் கப்பல் வந்து இறங்கியது மாதிரி இருந்தது.

அழகுமுத்து முதலில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தார். ஐம்பத்திரண்டாம் வருஷம் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை தன் சாமான்களையெல்லாம் விற்றார். அதில் ஒரு மைக்கும், ஒரு பெட்டியும், வாய் நசுங்கிய ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றும் இருந்தன. சீட்டு எடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றே ஸ்டோர் வேலையை விட்டுவிட்டார். மனைவி காளியாயிக்குக் கொழுந்து பறிக்கிற வேலை தோட்டத்தில் பதிவாகி இருந்ததால் காம்பரா தப்பியது.

மற்ற மைக்செட்காரர்கள் “ஹலோ ஹலோ” என்று சோதித்துப் பார்ப்பார்கள். அழகுமுத்து, “காளியாயி, காளியாயி, கேக்குதா?” என்று கூப்பிடுவார். மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிற காளியாயி வெட்கத்தோடு ஒரு கையைத் தூக்குவார். கூட இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து கையைத் தூக்குவார்கள். மைக் நன்றாக வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம்.

திருவிழா, கல்யாணம், சடங்கு, சங்கக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அவர் செட்டுத்தான் போகும். அரசியல் கூட்டங்களுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். சிவப்புக் கொடிக்காரர் கூப்பிட்டாலும் போவார், பச்சை, நீலம் கூப்பிட்டாலும் போவார். எல்லோருக்கும் ஒரே குரலில்தான் அறிவிப்பு. “உங்கள் பொன்னான வாக்குகளை” என்று அவர் உருகி உருகிச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருந்த லயத்துச் சனங்களில் அநேகம் பேருக்கு வாக்கே கிடையாது. சொல்கிறவருக்கும் கிடையாது. நாற்பத்தெட்டாம் வருஷச் சட்டம், இவர்கள் கடல் கடந்து வந்தவர்கள், இந்த நாட்டுக்காரர் இல்லை என்று வைத்துவிட்டது. பிறகு பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார்கள். அதுவும் ஆகவில்லை.

மேடைக்குக் கீழே பெட்டியின் பக்கத்தில் குந்தியிருந்து அழகுமுத்து கேட்ட பேச்சுக்களை அளக்க முடியாது. ஒருவர் அரசாங்கம் ஏழைக்குத் தாய் என்பார். அடுத்த வாரம் வருகிறவர், தாய் பால் கொடுத்துக் கொடுத்துப் பிள்ளை சோம்பேறியாகிவிட்டது என்பார். அரசாங்கம் கொடுக்கிற கூப்பன் அரிசியைத் தின்றுவிட்டு நாடு படுத்துக் கிடக்கிறது, நாலு பேர் கட்டுகிற வரியில் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள் என்பார்கள். அப்படிச் சொல்லும்போது கை தானாக மலைப்பக்கம் நீளும். லயத்துக்காரன் ஒருவனாவது ஒரு சதம் வருமான வரி கட்டுகிறானா என்று கேட்பார்கள். கேள்வியைத் தெளிவாகக் கேட்கவைக்கிற வேலை அழகுமுத்துவுடையது. இரைச்சல் வந்தால் திருகாணியைத் திருகிச் சரி செய்வார்.

பிறகு அறுபதாம் வருஷம் வந்தது. அந்த வருஷம் நாட்டில் இரண்டு பொதுத் தேர்தல். மார்ச்சில் வந்த அரசாங்கம் நிற்கவில்லை. ஜூலையில் மறுபடியும் எல்லோரும் மேடை ஏறினார்கள். அழகுமுத்து நல்லதண்ணிக்கும் இறம்பொடைக்குமாகப் பறந்தார். மச்சான் மாயாண்டியைக் கூட்டு வைத்துக்கொண்டு இரண்டாவது செட்டும் வாங்கினார். காசு வாங்கியதற்கு யார் பற்றுச்சீட்டுக் கேட்டாலும் பேனாவைச் சுழற்றி, வால் நீண்ட கையெழுத்து ஒன்றைப் போட்டுக் கொடுப்பார். அந்தக் கையெழுத்தின் மேல் அவருக்கு ஒரு ஆசை. வேட்பாளர்கள் செலவுக் கணக்குக் காட்டும்போது அந்த வால் எத்தனை இடத்தில் போய்ப் படுத்திருந்ததோ, யாருக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் கண்டியில் வரி வாங்குகிற அரசாங்கக் கந்தோரில் இருந்து அழகுமுத்து பேருக்கு ஒரு கடிதம் வந்தது. அரசாங்க முத்திரையைக் கண்டதும் காளியாயி பயந்துபோனார். புருஷனை இழுத்துக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்து இக்னேசியஸ் மாஸ்டரிடம் ஓடினார். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு ஒரு தடவை வாசித்தார். பிறகு அழகுமுத்துவை நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார்.

“புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்களா மாஸ்டர்?” என்று காளியாயி கேட்டார்.

“அதெல்லாம் இல்ல காளியாயி. ஒங்க வீட்டுக்காரரு நெறையச் சம்பாரிச்சிட்டாருன்னு கவருமெண்டு நெனைக்கிது. அதுல ஒரு பங்கு வரியா கட்டச் சொல்லுது. இன்கம்டெக்ஸ்.”

அழகுமுத்து கடிதத்தை எட்டிப் பார்த்தார். “கவருமெண்டு எங்கிட்டயா கேக்குது மாஸ்டர்?”

“ஆமா.”

“பேரு போட்டா?”

“பேரு போட்டுத்தான். ‘திரு’ன்னு வேற போட்டிருக்கு.”

அழகுமுத்து சிரிக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். காளியாயி அழத் தொடங்கியவர், அவர் சிரிப்பதைப் பார்த்து நடுவிலேயே நிறுத்திவிட்டு, தானும் சிரித்தார். இத்தனை வருஷமாக மேடைகளில் கேட்டு வந்த கேள்விக்கு இப்போது தானே பதில் என்பது அழகுமுத்துவுக்குத் தாங்க முடியாத குதூகலமாக இருந்தது. இறங்கி வரும்போது வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் நின்றவர்கள், கொழுந்து நிறுக்கிறவர்கள், கோழிக்குத் தவிடு வைக்கிறவர்கள் எல்லோரிடமும் நின்று நின்று சொல்லிக்கொண்டே வந்தார். லயத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

வரி கட்டக் கண்டிக்குப் போன நாளில் லயமே திரண்டது. பெண்கள் ஆலாத்தி சுற்றிப் பொட்டு வைத்தார்கள். காளியாயி கூறைச்சேலை கட்டியிருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டார்கள்.

வரிக் கந்தோரில் இருந்தவர்களின் முகம் சாவு வீட்டில் இருக்கிறவர்களுடைய முகம் மாதிரி இருந்தது. பெரிய பெரிய கடை முதலாளிகள் மடியில் கட்டுக் கட்டாகக் கடதாசியை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அழகுமுத்து மாப்பிள்ளை மாதிரி நுழைந்தார். அதிகாரி ஒல்லியான சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். வாழைப்பழத்தைக் கண்டதும் பதறிப்போய், இதையெல்லாம் வாங்கினால் என் வேலை போய்விடும் என்றார். அழகுமுத்து சங்கடப்படவில்லை. வெளியே வந்து, காத்திருந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பழத்தைக் கொடுத்தார். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் வாங்கித் தின்றார்கள். அதன் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசவும் தொடங்கிவிட்டார்கள்.

காசைக் கட்டி முடித்ததும், ஆசைக்குக் கூடக் கொஞ்சம் கட்டலாமா என்று அழகுமுத்து கேட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளில் இருந்து இதை ஒருவரும் கேட்டதில்லை, சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறதா என்று எனக்கே தெரியாது என்றார்.

திரும்பி வரும்போது பேராதனையில் ரயில் மாறி ஏறினார்கள். காளியாயி சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

“ஏங்க, நம்ம காசுலயும் இந்த ரயிலு ஓடுதா?”

“ஓடும். ஆனா கொஞ்ச தூரந்தான் ஓடும்.”

“எது வரைக்கும்?”

அழகுமுத்து வெளியே பார்த்துக் கணக்குப் போடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். “கம்பளை வரைக்கும்னு வச்சுக்க புள்ள.”

கம்பளை வரும் வரை காளியாயி சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். எதிரில் இருந்தவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பச் சன்னலைத் திறந்தபோது, பார்த்துத் துப்புங்க, ரயிலுப் பெட்டியில படப்போகுது என்று அதட்டினார். கம்பளை தாண்டியதும் சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனார்.

வட்டவளை ஸ்டேசனில் மாயாண்டி குழாயைக் கட்டி வைத்துக் காத்திருந்தார். “இன்கம்டெக்ஸ் கட்டிய எங்கள் மச்சான் இதோ வந்துகொண்டிருக்கிறார்” என்று அவர் அலறியதில் ஸ்டேசன் மாஸ்டர் யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு லயத்தில் ஆடு வெட்டிச் சோறு போட்டதில் கட்டின வரியைவிடக் கூடச் செலவானது.

இது பொன்னையா கங்காணியின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவர் தோட்டத்து ஆட்களையெல்லாம் வேலை வாங்குகிற பெரிய கங்காணி. கோட்டும் தலைப்பாகையுமாக வருவார். ஹட்டனில் கடைகள் உண்டு, ஒரு லொறியும் உண்டு. ஆனால் கடைகள் மைத்துனர் பேரிலும் லொறி சம்சாரம் பேரிலும் இருந்தன. கேட்டால் தன் பேரில் இருப்பது இந்தத் தலைப்பாகை மட்டும்தான் என்று பெருமையாகச் சொல்லுவார். மாரியம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் அப்பா காலத்தில் இருந்து அந்த வீட்டுக்குத்தான்.

அந்த முறை திருவிழாக் கூட்டத்தில் சோலைமலை என்கிற, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர் எழுந்து, இந்த வருஷம் முதல் பரிவட்டத்தை அழகுமுத்துவுக்குக் கட்டினால் என்ன என்று கேட்டுவிட்டார். கவருமெண்டே ‘திரு’ போட்டுக் கூப்பிடுகிற ஆள், ஆத்தாளும் ஒன்றும் சொல்லமாட்டாள் என்றார். கூட்டம் முழுவதும் தலையாட்டியது. அழகுமுத்து வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

பொன்னையா கங்காணி விருட்டென்று எழுந்தார். “இவரு மட்டுமா இன்கம்டெக்ஸ்காரரு? நானும் இன்கம்டெக்ஸ்காரந்தான்.”

“எப்ப இருந்துங்க கங்காணி ஐயா?” என்று சோலைமலை பணிவாகக் கேட்டார்.

கங்காணி எல்லா முகங்களையும் பார்த்தார். பின்வாங்க வழி இல்லை. “அடுத்த கெழமையில இருந்து” என்றார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அடுத்த வாரமே கோட்டைப் போட்டுக்கொண்டு கண்டிக்குப் போனார். கடையும் லொறியும் யாருடையவை என்று தன் வாயாலேயே சொன்னார். போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அந்த ஒல்லி அதிகாரி சொன்னபோது கங்காணி தண்ணீர் கேட்டுக் குடித்ததாகக் கூடப் போன கணக்கப்பிள்ளை சொன்னார். ஆனால் திருவிழாவில் இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பரிவட்டம் கட்டியபோது அவர் முகத்தில் ஒரு புது ஒளி இருந்தது. அதுவரைக்கும் அழகுமுத்துவை “ஏய் மைக்கு” என்று கூப்பிட்டவர், அதன் பிறகு “வாங்க அழகுமுத்து” என்றார். சந்திக் கடையில் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு, வரவர வரி கூடிக்கொண்டே போகிறது, மனுஷன் பிழைக்கிறதா வேண்டாமா என்று நாலு பேர் கேட்கச் சலித்துக்கொள்வார்கள். அப்படிச் சலித்துக்கொள்வதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு நல்லதண்ணிக் குடும்பம், பையன் இன்கம்டெக்ஸ் கட்டுகிறவனா என்று கேட்டதாகக்கூட ஒரு பேச்சு இருந்தது.

தேர்தல் இல்லாத வருஷங்களில் வரி விழுகிற அளவுக்கு வருமானம் வராது. அழகுமுத்து விடவில்லை. தூரத்துக் கல்யாணங்களையும் ஒப்புக்கொண்டார். நாயைக் காணவில்லை என்றாலும் மைக் வைத்துத் தேடலாமே என்று சனங்களைத் தூண்டிவிட்டார். காளியாயிதான் தலையில் அடித்துக்கொள்வார். “ஊருல இருக்கவங்க வரிக்குப் பயந்து ஒளிஞ்சி திரியிறாங்க. நீங்க வரி விழுகலியேன்னு அலைஞ்சி திரியிறீங்க.”

அறுபத்தைந்தில் மறுபடி தேர்தல் வந்தது. வட்டவளைச் சந்தியில் ஒரு வேட்பாளருக்குக் கூட்டம். அவரிடம் நிறைய லொறிகள் ஓடின. அதனால் சனங்கள் அவரை லொறி மாத்தயா, அதாவது லொறி ஐயா, என்றே சொல்லுவார்கள். பேச்சு சிங்களத்தில். கேட்க வந்தவர்களில் பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் பாதி, சந்திக் கடைக்காரர்களும் லயத்துச் சனங்களும் மீதி. லொறி மாத்தயா நன்றாகப் பேசினார். பேச்சு ஏறி ஏறிக் கூப்பன் அரிசிக்கு வந்ததும் அவர் கையும் வழக்கம்போல மலைப்பக்கம் நீண்டது. இந்த லயங்களில் இருக்கிறவர்கள் அரசாங்கத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். அங்கே வருமான வரி கட்டுகிற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், இந்த மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன் என்றார்.

முதலில் சிரித்தது கிராமத்து ரொட்டிக் கடைக்காரர். பிறகு சிரிப்பு நெருப்புப் பிடித்த மாதிரி பரவியது. ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரும் மேடைக்குக் கீழே கையைக் காட்டினார்கள். அங்கே அழகுமுத்து பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வேறு யாரையோ காட்டுகிறார்கள் என்கிற மாதிரி திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். லொறி மாத்தயா நல்ல வாடிக்கைக்காரர், அவரைக் கோபப்படுத்த அழகுமுத்துவுக்கு மனமில்லை. அதே நேரம் கூட்டத்தின் பின்பக்கம் பொன்னையா கங்காணி தலைப்பாகையோடு கையைத் தூக்கி, தானும் ஒரு ஆள் இருப்பதாக விடாமல் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

லொறி மாத்தயா கெட்டிக்காரர். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்ததும் கொஞ்சமும் தடுமாறவில்லை. இறங்குவதற்குப் பதிலாக அழகுமுத்துவை மேலே ஏற்றினார். தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். இவர்தான் நான் சொல்லுகிற மனிதர், சொந்தக் காலில் நிற்கிற மனிதர், வோட்டுப் போடுகிற நாளில் இவரை என் சொந்தக் காரில் கூட்டிப் போவேன் என்று முழங்கி, மைக்கை அழகுமுத்துவின் வாய்க்கு நேராகத் திருப்பினார்.

எத்தனையோ பேருடைய வாய்க்கு மைக்கைத் திருப்பி வைத்தவர் இப்போது அதை ஒரு தடவை துண்டால் துடைத்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: “மாத்தயா, எனக்கு வோட்டு இல்லையே.”

குழாய்கள் அதை எதிர்மலை வரைக்கும் கொண்டுபோயின. வரி கட்டுகிற ஆளுக்கு ஏன் வோட்டு இல்லை என்று வேட்பாளர் தானாகவே கேட்டுவிட்டார்.

“எனக்கும் தெரியாது மாத்தயா. அதைப் பாராளுமன்றத்தில்தான் கேட்க வேண்டும். நீங்கள் போனால் கேட்டுச் சொல்லுங்கள்.”

சந்தி குலுங்கியது. சிங்களவரும் தமிழரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லொறி மாத்தயாவும் சமாளித்துப் பார்த்து முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். அழகுமுத்துவும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு மாலையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்புப் பக்கத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாரும் சிரிச்சாங்க, நானுஞ் சிரிச்சேன். ஆனா நான் வெளையாட்டுக்குச் சொல்லல புள்ள” என்றார். காளியாயி ரொட்டியைக் கல்லில் இருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, அது தனக்குத் தெரியும் என்றார்.

ஆனால் அவரை அப்படி உட்காரவிட ஆட்கள் தயாராக இல்லை. மறுநாளே எதிர்க்கட்சிக்காரர் வந்து, செட்டை மாயாண்டி பார்க்கட்டும், நீங்கள் மேடையில் நாற்காலியில் உட்காருங்கள் என்று கூப்பிட்டார். பார்த்தீர்களா, வரி கட்டுகிறவனை அவமானப்படுத்தினார்கள் என்று காட்ட அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. இரண்டு நாள் கழித்து லொறி மாத்தயாவும், என் மேடைக்கு வராமல் அங்கே எப்படிப் போகலாம் என்று உரிமையோடு கோபித்துக்கொண்டு நாற்காலி போட்டார். அந்தத் தேர்தலில் அழகுமுத்து இறம்பொடை முதல் ஹட்டன் வரைக்கும் எல்லாக் கட்சி மேடையிலும் மாலையோடு உட்கார்ந்திருந்தார். யார் வென்றார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சீக்கிரம் மறந்துபோனது.

அந்த வருஷம் ஆவணியில், கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துக்குப் பிறகு, காளியாயிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்று பெண், ஒன்று ஆண். அழகுமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த வருஷம் வரி கட்டுகிற காலம் வந்ததும், பிள்ளைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் கண்டிக்குப் போனார்கள். தேர்தல் வருஷத்துச் சம்பாத்தியம் அல்லவா, இந்தத் தடவை பெரிய தொகையாக இருக்கும் என்று கங்காணியிடம் முன்கூட்டியே பெருமையடித்திருந்தார்.

அந்த ஒல்லி அதிகாரிதான் இருந்தார். கணக்கைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடியும் கணக்கைப் பார்த்தார். இந்த வருஷம் உங்களுக்கு வரி இல்லை என்றார்.

அழகுமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. “ஏனுங்க, நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்லை. பிள்ளைக்குப் பிள்ளை கழிவு உண்டு. உங்களுக்கு இரண்டு பிள்ளை. கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை.”

“அப்ப கவருமெண்டு புள்ளைங்களுக்காக எனக்குக் காசு குடுக்குதுங்களா?”

“கொடுக்கவில்லை. உங்களிடம் எடுக்காமல் விடுகிறது.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே மாத்தயா.”

அதிகாரி கணக்கை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் இங்கே வருகிற முதலாளி ஒருவரிடமும் அதைச் சொல்லிவிட முடியாது என்றார்.

வெளியே வந்தபோது அழகுமுத்துவுக்கு வாட்டம் பாதி போயிருந்தது. காத்திருந்தவர்களில் ஒரு வயதான துணிக்கடை முதலாளி, எவ்வளவு போட்டார்கள் என்று கவலையோடு விசாரித்தார். ஒன்றும் இல்லை, இந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து வரியைத் தள்ளிவிட்டார்கள் என்று அழகுமுத்து சொன்னதும், எல்லோரும் எழுந்து வந்து பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டார்கள். இந்த மாதிரி இரண்டு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்க, காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். துணிக்கடை முதலாளி பையனைத் தன் கையில் வாங்கித் தூக்கிக் கொஞ்சினார். பையன் அவருடைய வெள்ளைச் சட்டை முழுவதும் நனைய மூத்திரம் பெய்துவிட்டான்.

அழகுமுத்து பதறிப்போய்த் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். முதலாளி அவரைத் தடுத்தார். பையனையும் இறக்கவில்லை.

“இருக்கட்டும் தம்பி. இந்தக் கந்தோருக்கு நான் எத்தனையோ வருஷமா வாறேன். இங்க எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான்.”